வெளியே போகிற வழி

1

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு இந்த ஆண்டோடு பத்து வயது முடிந்தது. அதற்கான விழாவை நடத்திக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மண்டபம் பார்க்கப் போன அன்றே ஒரு கூத்து நடந்தது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஜெர்மன் மொழியில் அவசர வழிக்கு 'நோட்டவுஸ்காங்' என்று பெயர். ஆஸ்பத்திரியில் இருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு 'நோட்டவுஃப்னாமே'. ஹாம்புர்க்கில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இரண்டும் நன்றாகவே தெரியும். ஆனால் அன்று மண்டபத்துக்குள் நுழைந்து சுற்றிலும் பார்த்தபோது கண்ணில் பட்டது ஒரே ஒரு வாசல்தான். இன்னொன்றைத் தேடித் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் க்ரூகர் என்ற பெரியவரிடம் திரும்பி, "இங்கே அவசர சிகிச்சைப் பிரிவு எங்கே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பதறிப்போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். தண்ணீர் கொண்டுவந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டபோதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. "இல்லை இல்லை, வெளியே போகிற வழி, இன்னொரு கதவு" என்று கையை ஆட்டி விளக்கினேன். அவர் பெருமூச்சு விட்டு, மேடைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். இரும்புக் கதவு. நடுவில் குறுக்காக ஒரு கம்பி. அதை அழுத்தினால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும், சாவி வேண்டாம். வெளியே புல்வெளி. நான் அழுத்தித் திறந்தேன். மூடினேன். மறுபடியும் திறந்தேன்.

"அம்மா, அது திறக்கும். எப்போதும் திறந்துதான் இருக்கிறது" என்றார் க்ரூகர்.

கூட வந்திருந்த சங்கத் தலைவர் நடராஜன் விழுந்து விழுந்து சிரித்தார். பொள்ளாச்சிக்காரர், நல்ல மனிதர், எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் கதை போய்விட்டது. "பூங்கொடி வர்றாங்க, ஆம்புலன்ஸக் கூப்புடுங்க" என்று கொஞ்ச நாள் அதுவே பேச்சாக இருந்தது. நானும் சிரித்துவைத்தேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. என் மகளிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

2

நான் வடசென்னையில் காலடிப்பேட்டையில் பிறந்தவள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா வீட்டிலேயே துணி தைத்து என்னை வளர்த்தாள். அவளுடைய தம்பி தாஸ் மாமாதான் எங்களுக்கு எல்லாம். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் மாமா வீட்டில் தங்கமாட்டார். தெருவில் இளைஞர் நற்பணி மன்றம் ஒன்று வைத்திருந்தார்கள், அதற்கு மாமாதான் செயலாளர். ரத்தம் வேண்டும் என்றாலும் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள், சாவு வீட்டுக்குப் பந்தல் போட வேண்டும் என்றாலும் மாமாவைத்தான்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது ஒரு பொங்கலுக்கு மன்றத்தில் ஏழைப் பெண்களுக்குப் புடவையும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் கொடுப்பதாக ஏற்பாடு. பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டார்கள். மாமா பல நாள் சரியாகத் தூங்காமல் அலைந்து திரட்டிய புடவைகள் அவை. அம்மாவும் நானும், பக்கத்து வீட்டு ராணியக்காவும் போனோம். ராணியக்கா வழியெல்லாம் தனக்கு மாம்பழ மஞ்சளில் புடவை கிடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மைதானத்துக்கு ஒரே ஒரு இரும்புக் கேட். இரண்டு கதவில் ஒன்றைச் சாத்திச் சங்கிலி போட்டுவிட்டு, ஒன்றை மட்டும் பாதி திறந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே விட வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். புடவை வாங்கியவர்களும் அதே வழியாகத்தான் வெளியே வர வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே வருகிறவர்களுக்கு வழி இல்லை. வெளியில் நிற்கிறவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. யாரோ ஒருவர், "பொடவ முடிஞ்சிபோச்சாம்!" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நான் சுவர்மேல் இருந்து பார்த்தேன். அம்மா என்னை இரண்டு கையாலும் தூக்கி, மதில்மேல் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரிடம், "புடி, புடி, பொண்ணப் புடி" என்று கொடுத்துவிட்டாள். அப்போது அவள் முகம் மேலே தெரிந்தது. பிறகு தெரியவில்லை. யாரும் சண்டை போடவில்லை, யாரும் யாரையும் வேண்டுமென்று தள்ளவில்லை. எல்லோரும் கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்கள். நின்றபடியே ஒருபக்கமாகச் சாய்ந்தார்கள். மேடையில் மாமா மைக்கைப் பிடித்து, "அமைதியா இருங்க, எல்லாருக்கும் கீது, எல்லாருக்கும் கீது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேடைக்குக் கேட் தெரியாது. நடுவில் துணி கட்டியிருந்தார்கள்.

அம்மா விலாவும் தோள்பட்டையும் உடைந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். இடது கை இன்றைக்கும் தோளுக்குமேல் எழும்பாது. ராணியக்கா வீடு திரும்பவில்லை.

போலீஸ் வந்தது, விசாரணை நடந்தது, மன்றத்துப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். மாமா எண்ணூர்ப் பக்கம் குடிபோய்விட்டார். அம்மா அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் வா என்று கூப்பிட்டதும் இல்லை. கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொண்டால், "எப்டிக்கிற?" "கீறேன்." அதோடு சரி. திருவொற்றியூர்க் கோயிலின் மாசித் தேருக்கு ஊரே கிளம்பும். கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு அம்மா அன்று வீட்டைச் சாத்திக்கொள்வாள். கூட்டம் இல்லாத ஒரு வெயில் மதியத்தில் தனியாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவாள்.

3

நான் படித்து, துறைமுகத்துப் பக்கம் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்து, கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவருக்கு இங்கேயும் துறைமுகத்தில்தான் வேலை, கிரேன் பராமரிப்பு. எனக்கும் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் இடம் கிடைத்தது. ஊர் மாறியது, கன்டெய்னர் மாறவில்லை என்று வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

பயமும் மாறவில்லை. ரயிலில் கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். கடைக்குள் போனால் முதலில் வெளியே போகிற வழியைக் காட்டும் பச்சை விளக்குப் பலகை எங்கே என்று பார்ப்பேன். இந்த நாட்டின் சட்டதிட்டங்களைத் திட்டாத நம்மவர்கள் கிடையாது. ஒரு மண்டபம் எடுக்க இத்தனை தாளா, நாற்காலி எங்கே போடுகிறோம் என்று படம் வரைந்து கொடுக்க வேண்டுமா, நம் ஊரில் இதெல்லாம் உண்டா என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து உச்சுக் கொட்டுவேன். ஆனால் இரவல் வாங்கிய தைரியம் மாதிரி அந்தத் தாள்கள் எனக்கு வேண்டியிருந்தன. வரிசைக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று எனக்கு முன்பே யாரோ கவலைப்பட்டு எழுதிவைத்திருக்கிறார்கள்.

என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆத்திசூடி வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் சந்தையில் கூட்டம் கொஞ்சம் நெருக்கியபோது, தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தோழிகள் எல்லோரும் பார்த்தார்கள். அதிலிருந்து என்னோடு எங்கும் வருவதில்லை. "உனக்கு எல்லாத்துக்கும் பயம்மா. அந்தப் பயத்தை எனக்கும் போட்டுவிடப் பார்க்கிறே" என்றாள். அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

விழாவுக்கு வருகிறேன். வழக்கமான பரதமும் பட்டிமன்றமும் மட்டும் என்றால் வாலிபப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று, பாரிஸிலிருந்து ஓர் இளம் பாடகரைக் கூப்பிட முடிவானது. பிள்ளைகள் மத்தியில் நல்ல பெயர் அவருக்கு.  மண்டபத்தில் இருநூறு பேருக்குத்தான் அனுமதி. முன்பதிவு செய்தவர்களை மட்டும் விடலாம், வருகிற வழியும் போகிற வழியும் வேறாக இருக்கட்டும், பின்கதவுப் பக்கம் ஒரு பொருளும் வைக்க வேண்டாம், ஒவ்வொரு கதவுக்கும் ஓர் ஆள் நிற்கட்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்க வேண்டாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன்.

"செஞ்சுறலாங்க, செஞ்சுறலாங்க" என்பார் நடராஜன். "ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? கூட்டம் வந்தாத்தானுங்க விழா. வரலேன்னா அது கமிட்டி மீட்டிங்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆள் வராமல் போய்விடுமோ என்பது அவர்களுடைய கவலை. பத்து வருஷத்தில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்த விழாக்களைப் பார்த்தவர்கள். அவர்கள் கவலையும் நியாயம்தான். என் கவலை நேர் எதிர்ப்பக்கம். 

4

விழா அன்றைக்கு மழை. மதியம் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. தோரணம் கட்டி, கோலம் போட்டு, முன்பதிவுப் பட்டியலோடு இரண்டு பேர் வாசலில் உட்கார்ந்தார்கள். நிலாவும் வந்திருந்தாள். என்னோடு அல்ல, பாடகரைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு தோழியோடு.

நடராஜன் நல்ல எண்ணத்தில் ஒரு காரியம் செய்திருந்தார். ஆள் குறைந்துவிடக் கூடாதே என்று முந்தின நாள் ப்ரேமன், ஹனோவர் ஊர்களில் இருக்கும் தமிழர் குழுக்களுக்கெல்லாம் அழைப்பை அனுப்பி, 'அனைவரும் வருக' என்றும் போட்டுவிட்டார். கார் காராக வந்து இறங்கினார்கள். பிள்ளை குட்டிகளோடு இவ்வளவு தூரம் வந்தவர்களை முன்பதிவு இல்லை என்று திருப்பி அனுப்ப வாசலில் இருந்தவர்களுக்கு மனசு வரவில்லை. மழை வேறு. எல்லோரையும் உள்ளே விட்டார்கள். மண்டபம் நிரம்பியது. அதற்கு முன்னால் இருக்கும் கண்ணாடி அறையும் நிரம்பியது. அப்போதும் ஆட்கள் குடையை மடக்கியபடி உள்ளே ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

நான் திரைக்குப் பின்னால் ஓடினேன். பின்கதவை மறைத்து ஒலிபெருக்கிப் பெட்டிகள், அவற்றின்மேல் சாம்பார் அண்டாவும் தட்டுக் கட்டுகளும். மழையில் நனையக் கூடாதென்று யாரோ உள்ளே நகர்த்தியிருக்கிறார்கள். "இதெல்லாம் எடுங்க" என்று கத்தினேன். "பந்தி நேரத்துல எடுத்துக்கலாம் அக்கா" என்றார் ஒருவர்.

அந்த நேரம் பார்த்துப் பாடகர் முன்வாசலில் வந்து இறங்கினார். கண்ணாடி அறையில் இருந்தவர்கள் அவரைப் பார்க்க வாசல் பக்கம் திரும்பினார்கள். மண்டபத்துக்குள் இருந்தவர்கள் சத்தம் கேட்டு எழுந்து கண்ணாடி அறைப் பக்கம் வந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் வெளியிலிருந்து உள்ளே தள்ளினார்கள். நான் மேடை ஓரத்தில் நின்று பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தன் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அவளைச் சுற்றி நின்றவர்கள் கையை மடக்கி நெஞ்சோடு வைத்திருந்தார்கள்.

  அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன். ஜெர்மன் வரவில்லை. சங்கத்துக்கென்று பத்து வருஷமாகப் பேசிப் பழகிய நல்ல தமிழும் வரவில்லை.

"யோவ், தள்ளாத! வாசல்ல நிக்கிற ஆளு, உன்னத்தான், பின்னால போ! வெளிய போ! மய பேஞ்சா பேயட்டும், நனஞ்சா இன்னா, செத்தா பூடுவ? கொயந்தைங்க கீதுய்யா, தள்ளாத! பாட்டு அப்பாலிக்கா பாக்கலாம், யாரும் எங்கியும் ஓடிடல. நவுரு, நவுரு, பின்னால நவுரு!"

மண்டபம் அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தமிழை அங்கே யாரும் என் வாயிலிருந்து கேட்டதில்லை. திட்டு வாங்கியவர்கள் மாதிரி வாசலில் நின்றவர்கள் ஓரடி பின்னால் வைத்தார்கள். "நீங்கல்லாம் இன்னாத்த பாத்துனுக்கிறீங்க, அந்தப் பொட்டிங்கள இழுங்க!" என்று திரைப் பக்கம் கத்தினேன். இப்போது யாரும் பந்தி நேரம் என்று சொல்லவில்லை. அண்டாவை இரண்டு பேர் தூக்கினார்கள், சாம்பார் தரையில் கொட்டியது. பின்கதவு திறந்து ஈரக்காற்று உள்ளே வந்தது.

அப்போது வாசல் பக்கம் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று யாரோ நான் சொன்னதையெல்லாம் ஜெர்மனில் சொல்வது கேட்டது. நிலா. தமிழ் சரியாக வராத பிள்ளைகள் பாதிப் பேர் இருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் பின்வழியாக வெளியே போகட்டும், ஓட வேண்டாம், சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்று நிதானமாகச் சொன்னாள். க்ரூகர் ஓடிவந்து எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, முன்வாசலை இரண்டு பக்கமும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெரியவர் மூச்சு வாங்கி உட்கார்ந்தார், தண்ணீர் குடித்துத் தேறிவிட்டார். கண்ணாடி அறைத் தரையில் செருப்பும் குடையும் ஒரு குழந்தையின் ஒற்றை ஷூவும் கிடந்தன. அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நிகழ்ச்சியைப் பந்தி மாதிரி இரண்டு தடவையாக நடத்தினோம். பாதிப் பேர் பார்த்துவிட்டுப் போக, மீதிப் பேர் வந்தார்கள். பாடகர் முகம் சுளிக்காமல் இரண்டு முறை பாடினார். ஆனால் கோபித்துக்கொண்டு போனவர்கள் நிறைய. "நாங்க என்ன ஆடு மாடா, விரட்டறதுக்கு?" என்று கேட்டுவிட்டு ஹனோவர்க்காரர்கள் கிளம்பினார்கள். நடராஜன் அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.

5

வீட்டுக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டிலிருந்து நிலா கேட்டாள். "அம்மா, நீ மைக்ல பேசினது எந்த மொழி? பாதி ஊகிச்சுத்தான் சொன்னேன்."

"அதான் என் மொழி" என்றேன்.

"எனக்கு ஏன் அது சொல்லித் தரல?"

 பேசினால் சிரிப்பார்கள் என்று வந்த புதிதிலேயே மூட்டை கட்டி வைத்துவிட்டேன் என்றேன். பிறகு அந்த மைதானத்துக் கதையைச் சொன்னேன். வண்டி வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் யாரும் இறங்கவில்லை. கணவருக்குத் தெரிந்த கதைதான், அவரும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஊர்ல ஆயா கை அப்படி இருக்கறது அதனாலயா? நான் வயசாயிட்டதாலன்னு நினைச்சேன்." பிறகு முன்சீட்டுப் பக்கம் சாய்ந்து, "சந்தையில என்னை இழுத்தியே, அதுவும் அதனாலயா?" என்றாள்.

"ஆமாம்."

அவள் கதவைத் திறந்தாள். என் தோள்மேல் கை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த செயற்குழுவில் என்மேல் புகார் வந்தது. விருந்தாளிகளை அவமதித்துவிட்டேன், தரக்குறைவாகப் பேசினேன் என்று இரண்டு பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நடராஜன் அதைப் படித்து முடித்துவிட்டுத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்லோணும்" என்றார். "பாட்டுக்காரரக் கூட்டிட்டு வர்றப்ப நானும் அந்தக் கண்ணாடிக்கிட்டத்தானுங்க மாட்டிக்கிட்டேன். கையத் தூக்க முடியலீங்க. மூச்சு உள்ள போகுது, வெளிய வரமாட்டேங்குது. போச்சுடான்னு நினைச்சேன். அப்பத்தானுங்க இவங்க மைக்குல வஞ்சாங்க. என் பொண்டாட்டிகிட்டக்கூட இதச் சொல்லல." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வஞ்சதுல ஒரு வார்த்தகூடத் தப்பு இல்லீங்க பூங்கொடி" என்றார்.

புகார் அதோடு முடிந்தது. ஆனால் என் பயம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த வாரமே ஊரிலிருந்து மலர் கூப்பிட்டாள். தாஸ் மாமாவின் மகள் அவள், திருவொற்றியூரில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். தெருப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது நல்லது செய்துகொண்டே இருப்பாள். அந்த விஷயத்தில் அப்படியே அப்பா.

"அக்கா, ஆடி மாசம் கூழு ஊத்தி, புள்ளைங்களுக்கு நோட்டு புக்கு குடுக்கலாம்னுக்கிறோம். நீ அங்க பெரிய பெரிய பங்ஷன்லாம் நடத்துறியாமே. இன்னா இன்னா பண்ணணும், சொல்லு."

"எங்க வெக்கறீங்க?"

கொஞ்சம் தயங்கினாள். "அந்த கிரவுண்டுதாங்க்கா. வேற எடம் கெடைக்கல."

 வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "மாமாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"சொன்னேன். ஒண்ணும் பேசல. எய்ந்து வெளிய பூடுச்சி."

அதற்கப்புறம் தினமும் அவளைக் கூப்பிட்டேன். எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லாதே, தெருவுக்கு ஒரு நேரம் கொடு. இருக்கிறது எல்லோருக்கும் போதும் என்பதை முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடு. முந்தி வந்தவர்க்கே என்ற பேச்சே வரக் கூடாது. கூழ் ஓர் ஓரம், நோட்டு எதிர் ஓரம். மேடையே வேண்டாம், வேண்டுமென்றால் கேட் தெரிகிற மாதிரி போடு. உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. நான் சொல்லச் சொல்ல அவள் உம் கொட்டிக்கொண்டே வந்தாள். ஒருநாள், "அக்கா, நீயே வந்துடேன். உனக்கும் நிம்மதி, எனக்கும் பேஜாரு இல்ல" என்றாள்.

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, நிலாதான் முதலில் சொன்னாள், ஊருக்கு என்று.

6

ஆடி ஞாயிறு காலை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல அசையாமல் நின்றன. வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நா வர்லடி. கூட்டம்னாலே எனுக்கு மாரு அடச்சிக்கும். நீ போ. நேரத்தோட வூடு வந்து சேரு."

"மலர் பண்றாம்மா. உன் தம்பி பொண்ணு."

"அதுக்கு? நல்லா பண்ணட்டும்." அம்மா திரும்பிக்கொண்டாள். நிலா, "நான் உன் பக்கத்திலேயே இருக்கிறேன் ஆயா" என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

மைதானம் சின்னதாகத் தெரிந்தது. மதில் புதிது. முன்னால் ஒரு கேட்டும், பின்தெருப் பக்கம் இன்னொன்றும் இருந்தன. நான் சொன்னதையெல்லாம் மலர் செய்திருந்தாள். சவுக்குக் கம்பு கட்டி வழி பிரித்திருந்தாள். முதல் தெருப் பிள்ளைகள் வந்து, கூழ் குடித்து, நோட்டை வாங்கி, பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு குழப்பமும் இல்லை. ஆனாலும் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. முன் கேட்டுக்கும் பின் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

பின் கேட்டில் தாஸ் மாமா நின்றிருந்தார். மெலிந்து, தலை முழுக்க நரைத்து. பக்கத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவில்லை. இரும்புக் கதவை முழுவதும் திறந்து, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"எப்ப வந்தே, கொடி?"

"மொந்தா நேத்து மாமா. நீ எப்ப வந்தே?"

"விடியக்காலைலயே வந்துட்டேன்" என்றார். கண் பிள்ளைகள்மேலேயே இருந்தது.

மலர் என் காதருகில் வந்து, "ஒரு வா தண்ணி குடிக்கலக்கா. வாப்பா, வந்து ரெண்டு புள்ளைங்களுக்கு உன் கையால குடுன்னா, அந்தாண்ட போன்னு கத்துது" என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது தெருப் பிள்ளைகள் வந்தபோது பின்தெருவில் நிலா நடந்துவருவது தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா. கேட்டுக்குக் கொஞ்ச தூரத்திலேயே அம்மா நின்றுவிட்டாள். வலது கையால் இடது தோளைப் பிடித்திருந்தாள். பிள்ளைகள் நோட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். மாமா பார்த்துவிட்டார். கதவை விட்டு முதுகை எடுக்கவில்லை.

நான் ஓடிப்போய் அம்மாவைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். நிலா என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

அம்மா இரண்டடி வைத்தாள். நின்றாள். மறுபடி வைத்தாள். கேட்டுக்கு வந்ததும் மாமாவைப் பார்க்காமல் கதவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்த சாத்தமாட்டியே?" என்றாள்.

"சாத்தமாட்டேங்க்கா. அதுக்குத்தான் நிக்கிறேன்."

"கூழு குடிச்சியா?"

மாமா இல்லை என்று தலையசைத்தார். 

"வெயில்ல இப்டி வெறும் வயித்தோட நின்னா, நீ வியுந்துடுவ. உன்ன எவன் தூக்கறது?" என்றாள் அம்மா. "போ. போய் ஒரு சொம்பு குடிச்சிட்டு வா. அதுவரிக்கும் நா நிக்கிறேன்."

"அக்கா, உனுக்கு எதுக்கு..."

"போடா, சொல்றேன்ல."

மாமா கதவிலிருந்து முதுகை எடுத்தார். அந்த இடத்தில் அம்மா போய்ச் சாய்ந்துகொண்டாள். அவர் கூழ்ப்பானைப் பக்கம் நடந்தார். பாதி தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. வெளியே வருகிற பிள்ளைகளைப் பார்த்து நல்ல கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா போ கண்ணு. ஏன் ஓட்றே? வயி நெறைய கீது, மெதுவா போ."